சாயக்கைக்கு ஆறு கூட்டு

பாப்பா,

இருபத்தெட்டு வயசுக்கு அப்புறமுமா பாப்பா என்று நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சுளித்துக்கொள். இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அவளுக்கு முழங்கால், எனக்கு வாய், மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லை. நீ கேட்டது ஒரே ஒரு பக்கம். "முப்பது வருஷமா ஆபரேஷன் தியேட்டர்ல அனஸ்தீசியா டெக்னீஷியனா இருக்கிறேன், இந்த டிசைன் நல்லா இருக்குதுன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுப்பா, திங்கக்கிழமை மீட்டிங்ல காட்டணும்" என்றாய். அதற்கென்ன என்று சொல்லி நானும் தலையை ஆட்டினேன். நீ சென்னைக்கு பஸ் ஏறிய மறுநாளிலிருந்து எழுத உட்காருகிறேன். அந்த ஒரு பக்கம் வரவே மாட்டேன் என்கிறது. அதற்குப் பதிலாக இதுதான் வந்தது. நீளமாக இருக்கும். டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்து, ஆபரேஷன் மானிட்டருக்காக உன் கம்பெனியில் நீ வரைந்த திரையைக் காட்டினாயே, அதில் நான் பாராட்டியது ஒன்றும் முகஸ்துதி இல்லை. எழுத்து பெரிதாக இருந்தது. தியேட்டரில் நான் மருந்து மேஜைக்குப் போனால் மானிட்டர் எட்டடி தள்ளி, டாக்டரின் தோளுக்குப் பின்னால் இருக்கும். ஒரு கையில் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தால் எண் கண்ணில் பட வேண்டும். உன்னுடையதில் படும். ரத்த அழுத்தத்துக்கு ஒரு சத்தம், ஆக்ஸிஜனுக்கு வேறு சத்தம் என்று பிரித்திருந்தாய். அதைக் கேட்டதும் எழுந்து உன் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன், ஞாபகம் இருக்கும். இத்தனை வருஷமாக எங்கள் மெஷின் எதற்கெடுத்தாலும் ஒரே மாதிரிதான் கத்தும். ஒயர் கழன்றாலும் அதே கத்தல், மூச்சு முட்டி ஆள் நீலமானாலும் அதே கத்தல்.

கடைசியாக நீ காட்டிய ஒன்றுதான் என்னைத் தூங்க விடவில்லை. விரலில் சாயமோ மருதாணியோ இருந்தால் தொடுவதற்கு ஒரு கட்டம் வைத்திருந்தாய். அதைத் தொட்டால் மெஷின் தானாகவே எண்ணைக் கொஞ்சம் ஏற்றித் திருத்திக் காட்டும், அலாரமும் அடங்கிவிடும். "ஆபீஸ்ல எல்லாரும் இதை அப்பா மோட்னு சொல்றாங்கப்பா. உன்கிட்ட கேட்ட கதைதானே இது" என்று நீ சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

உனக்குத் தெரிந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பொய் இல்லை. நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். சாயப்பட்டறையில் வேலை செய்கிற ஒருவரை ஹெர்னியா ஆபரேஷனுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தோம். பட்டு நூலைக் கொதிக்கிற சாயத்தில் முக்கி முக்கி எடுத்த கை. நகம், ரேகை, விரலிடுக்கு எல்லாம் அரக்கும் பச்சையும் கலந்து கறுத்துக் கிடந்தது. ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப்பை விரலில் மாட்டினால் அது வெளிச்சத்தை விரலுக்குள் விட்டுத்தான் ரத்தத்தைப் படிக்கும். நடுவில் சாயம் இருந்தால் ஏமாந்துபோகும். எண் தொண்ணூறைத் தாண்டவில்லை, மெஷின் கத்த ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் வந்து சேர்ந்த டாக்டருக்கு வியர்த்துவிட்டது, கேஸைத் தள்ளிவைக்கலாம் என்றார். நான் நோயாளியைப் பார்த்து, "அண்ணா, நாக்கை நீட்டு" என்றேன். நீட்டினார். நல்ல சிவப்பு. "சார், இவருக்கு ஒண்ணுமில்ல. இது சாயக்கை. மெஷினுக்கு நம்ம ஊரு தெரியாது" என்றேன். தியேட்டரே சிரித்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உனக்கும் அம்மாவுக்கும் இதை நடித்துக் காட்டினேன். நீ பள்ளிக்கூடத்தில் கட்டுரையே எழுதிவிட்டாய், மெஷினை ஜெயித்த என் அப்பா என்று. அந்தக் கட்டுரையை நான் தியேட்டருக்கு எடுத்துப்போய் எல்லாரிடமும் காட்டினேன். அன்றைக்கு நான் சொன்னது சரி. அதுதான் வினையாகப் போனது.

அதற்குப் பிறகு சாயக்காரர் யார் வந்தாலும் டாக்டர்கள் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எங்களுக்கு வருகிற மயக்க டாக்டர்கள் காலையில் ஒரு ஆஸ்பத்திரி, மதியம் வாலாஜாபாத் பக்கம் இன்னொன்று என்று ஓடுகிறவர்கள். இந்த ஊர்க் கை அவர்களுக்குப் பழக்கமில்லை. எனக்குப் பழக்கம். விழித்திருக்கும்போது தொண்ணூற்றிரண்டு காட்டினால் உண்மையில் தொண்ணூற்றெட்டாக இருக்கும், ஆறு கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். அந்த ஆறை யாரும் அளந்ததில்லை. நான் சொன்னேன், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் மானிட்டரின் ஓரத்தில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, "சாயக்கைக்கு ஆறு கூட்டு" என்று பேனாவால் எழுதியும் வைத்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளே அதைப் படிப்பார்கள். மெஷினோடு வந்த புத்தகத்தை யாரும் படித்ததில்லை. அதோடு, ஓயாமல் கத்துகிறதே என்று அலாரம் அடிக்கும் அளவைத் தொண்ணூறிலிருந்து எண்பதுக்கு இறக்கிவிடுவேன்.

அலாரத்தை நாங்கள் எப்படிக் கேட்கிறோம் என்று நீ ஒருமுறை கேட்டாய். நாங்கள் கேட்பதே இல்லை, அடக்குகிறோம். விரல் கிளிப்பையும் பிரஷர் பட்டையையும் ஒரே கையில் மாட்டியிருப்போம். பட்டை ஊதும்போதெல்லாம் ரத்த ஓட்டம் நின்று, விரலில் எண் காணாமல் போய், மெஷின் கத்தும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் இந்தக் கூத்து. கண் திரையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கை போய் சைலன்ஸ் பட்டனை அழுத்தியிருக்கும். பட்டன் இருக்கும் இடம் கட்டை விரலுக்குத் தெரியும், மூளைக்குத் தெரிய வேண்டியதில்லை. நான் சோம்பேறி இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் இருந்தேன்.

இப்போது உனக்குத் தெரியாத கதை. இரண்டு வருஷத்துக்கு முந்தி, நீ இந்த வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளையார்பாளையத்திலிருந்து ஏழுமலை என்று ஒரு சாயக்காரர், அறுபது வயசு இருக்கும், சிறுநீரகத்தில் கல் என்று ஆபரேஷனுக்கு வந்தார். பயந்துகொண்டிருந்தார். கையைப் பிடித்து, பக்கத்தில்தான் இருப்பேன் என்று சொன்னேன். கிளிப் மாட்டினதும் தொண்ணூற்றிரண்டு. ஷாகிரா சிஸ்டர் இருந்தாள். வாயைத் திறந்து அதிகம் பேச மாட்டாள், ஆனால் கவனம் உள்ள பெண். "அண்ணா, கால் விரல்ல மாட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டாள். நான், "ஏம்மா, மெஷினுக்கு செருப்பும் வாங்கிப் போடலாமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. அலாரத்தை எண்பதுக்கு இறக்கினேன். மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டு, ஆளை ஒருக்களித்துத் திருப்பிப் படுக்க வைத்தோம்.

திருப்பும்போது டியூப் ஒரு விரற்கடை உள்ளே போயிருக்கிறது. அப்படிப் போனால் அது வலது நுரையீரலுக்குள் நுழைந்துவிடும், இடது பக்கத்துக்குக் காற்றே போகாது. எண் மெள்ள இறங்க ஆரம்பித்தது. தொண்ணூறு. எண்பத்தெட்டு. வெளியே வருகிற மூச்சைக் காட்டும் கோடு திரையில் நன்றாகவே இருந்தது, ஒரு பக்க நுரையீரல் மட்டும் வேலை செய்தால் அது காட்டிக்கொடுக்காது. மயக்க டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, "எவ்ளோ?" என்று கேட்டார். "எண்பத்தாறு சார். சாயக்கைதான், தொண்ணூத்திரெண்டுன்னு வெச்சிக்கலாம். கையும் சில்லுன்னு இருக்குது, அதுக்கும் எண் கொறையும்" என்றேன். அவர் என்னை நம்பி மறுபடி எழுதப் போனார்.

ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. அந்த மெஷின் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் பீப் என்று ஒரு சத்தம் போடுமே, ஆக்ஸிஜன் இறங்க இறங்க அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கும். அன்றைக்கு அது இறங்கியது என் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ஆனால் மனசுக்குள் ஆறு கூட்டினேன், சரியாகிவிட்டது. எழுபத்தொன்பதில் அலாரம் அடித்தது. கட்டை விரல் அடக்கியது. அறுவை செய்துகொண்டிருந்த டாக்டர்தான் தலையைத் தூக்கி, "என்னப்பா, ரத்தம் கறுப்பா வருது?" என்றார். மயக்க டாக்டர் எழுந்து ஓடிவந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், இடது பக்கம் சத்தமே இல்லை. டியூப்பைக் கொஞ்சம் வெளியே இழுத்தார். எண் ஏறி தொண்ணூற்றிரண்டில் நின்றது. எல்லாம் சேர்த்து இருபது நிமிஷத்துக்குக் குறையாது.

ஏழுமலை எழுந்தார், பேசினார், நான்காம் நாள் வீட்டுக்குப் போனார். அவ்வளவு இறக்கத்துக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். அந்த வாரம் நீ போனில், "தியேட்டர்ல ஏதாவது சுவாரசியமா நடந்துச்சாப்பா?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். பிளாஸ்திரியை மட்டும் யாரும் பார்க்காத நேரத்தில் உரித்துக் குப்பையில் போட்டேன். ஏன் உரித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பழசாகிவிட்டது என்று சொல்லியிருப்பேன்.

இரண்டு மாசம் கழித்து ஏழுமலையின் சம்சாரம் கன்னியம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைத் தேடிப் பிடித்தாள். "அண்ணா, நனைஞ்ச பட்டு ஒரு கலர், காஞ்சா வேற கலர். ஈரத்துல பாத்தே காஞ்சா என்ன வரும்னு சொல்ற மனுஷன் அவரு. இப்போ தப்புத் தப்பா போவுது. தறிக்காரங்க நூலைத் திருப்பி அனுப்பிக்கினே இருக்கிறாங்க. மயக்க மருந்தால இப்டி ஆவுமா?" என்று கேட்டாள். என் வாய் யோசிக்கவே இல்லை. "மருந்தால ஆகாதும்மா. வயசாகுதில்ல? கவனம் குறையும்" என்றேன். அவள் என்னை நம்பினாள். எல்லாரும்தான் என்னை நம்புவார்கள். அந்த இருபது நிமிஷத்தால் அப்படி ஆனதா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லி, அன்றைக்கு நடந்ததையும் சொல்லி, ஒரு நரம்பு டாக்டரிடம் அனுப்பியிருக்க வேண்டும். ஒரு தப்பைக் கவனக்குறைவு என்று சொல்லலாம். இந்தப் பதிலுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. இது பொய்.

பாப்பா, இப்போது உன் டிசைனுக்கு வருகிறேன். அந்தக் கட்டத்தை எடுத்துவிடு. அது என்னுடைய பிளாஸ்திரிதான், கண்ணாடிக்குள் அழகாக வைத்திருக்கிறாய். என் பிளாஸ்திரியாவது ஒரு தியேட்டரோடு போயிற்று, உன்னுடையது எத்தனை ஊருக்குப் போகுமோ. எண்ணைத் திருத்தாதே. விரலை நம்ப முடியவில்லை என்றால் அந்த இடத்தில் நம்ப முடியவில்லை என்றே போடு, காதிலோ கால் விரலிலோ மாட்டிப் பார் என்று சொல், மாட்டும் வரை சின்னதாக முனகிக்கொண்டே இருக்கட்டும். சாயக்கையாகவே இருந்தாலும் அதே சாயம்தான் முதலிலும் இருந்தது. தொண்ணூற்றிரண்டில் ஆரம்பித்தது எண்பத்தாறுக்கு வந்தால் அது சாயத்தின் வேலை இல்லை என்று ஒரு கோடு போட்டுக் காட்டினால் குழந்தைக்கும் புரியும். எனக்குப் புரியவில்லை, நான்தான் கூட்டிக்கொண்டிருந்தேனே. பட்டை ஊதும்போது வருகிற கத்தலை மட்டும் தாராளமாக அடக்கு. பட்டை ஊதுவது மெஷினுக்கே தெரியும், அது ஊகம் இல்லை. அலாரம் அளவை யாராவது இறக்கினால், இறக்கியிருக்கிறது என்பது அந்த ஆபரேஷன் முடியும் வரை பெரிதாகத் திரையில் நிற்கட்டும், டாக்டர் கண்ணில் படட்டும். சுருதி இறங்குவதைத் தயவுசெய்து தொடாதே. அது ஒன்றுதான் அன்றைக்கு என்னிடம் உண்மையைச் சொன்னது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உன் மீட்டிங்குகளில் பயன்படுத்துகிறவர்களிடம் கேட்டோம் என்று சொல்லுவீர்களாம். யாரைக் கேட்பீர்கள்? என்னை மாதிரி முன்னால் நின்று பேசுகிறவனை. நான் நன்றாகப் பேசுவேன், கதை சொல்லுவேன், நீங்களும் குறித்துக்கொள்வீர்கள். நாங்கள் சிரித்தே அடக்கிவிட்டதால் மூலையில் நிற்கிற ஷாகிராவைத் தேடிப்போய்க் கேள். நேற்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணா" என்றாள். அப்புறம், "அன்னிக்கு நான் இன்னொரு வாட்டி சொல்லியிருக்கணும்ணா. நீங்க கிண்டல் பண்ணுவீங்கன்னு விட்டுட்டேன். அதை நினைச்சி இன்னும் தூக்கம் வராது" என்றாள். என் பாரத்தில் பாதியை இரண்டு வருஷமாக அவள் சுமந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, கை கழுவுகிற மாதிரி குழாய்ப் பக்கம் போய்விட்டேன்.

இன்று காலையில் பிள்ளையார்பாளையம் போனேன். இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு அம்மாதான், "அவங்க கிட்ட சொல்லாம பொண்ணு கிட்ட மட்டும் எழுதி என்னா பிரயோஜனம்?" என்றாள். ஏழுமலை இப்போது சாயம் போடுவதில்லை. நூலை உலர்த்தி, பிரித்துக் கட்டுகிற வேலை. சாயத்தை மச்சான் மகன் பார்த்துக்கொள்கிறான். நான் நின்றுகொண்டே, ஷாகிரா கேட்ட கால் விரலையும் விடாமல், எல்லாவற்றையும் சொன்னேன், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கன்னியம்மா அவர் பக்கம் கையைக் காட்டி, "ரெண்டு வருஷமா இந்த மனுஷனைத் திட்டிக்கினு இருக்கிறேன் அண்ணா. கவனம் இல்லாம வேலை செய்றே, கவனம் இல்லாம வேலை செய்றேன்னு. நீங்கதானே சொன்னீங்க கவனம் குறையும்னு? தினம் திட்டினேன். சாப்பிட்றப்போ கூட திட்டினேன்" என்றாள். ஏழுமலை குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். "கால்ல சாயம் இல்லியேப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நரம்பு டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். வேண்டாம், நாங்களே போய்க்கொள்கிறோம் என்றாள் கன்னியம்மா. வாசல் வரைக்கும் யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை நீ என் கையெழுத்தோடு போய் நிற்க வேண்டியவள். உன் மேலதிகாரிகளுக்கு அந்தக் கட்டம் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றாய், இதனால் உனக்குப் பதவி உயர்வு வரலாம் என்றும் சொன்னாய். அதைக் கெடுப்பது பெற்ற அப்பனாக இருக்க வேண்டியிருக்கிறது. கையெழுத்து கீழே போட்டிருக்கிறேன், ஆனால் இந்தக் கடிதத்துக்குத்தான். இதை அங்கே வாய்விட்டுப் படி. கன்னியம்மாவிடம் சொன்ன பொய்யைத் தாண்டிப் போகாதே, அந்த இடத்தையும் படி. அது இல்லாவிட்டால் மறுபடியும் நான் நல்லவனாக நடித்துக் காட்டுகிற கதையாகிவிடும். யார் இந்த ஆள் என்று கேட்டால் என் அப்பா என்று சொல்லு. உனக்கு வாய் வரவில்லை என்றால், காஞ்சிபுரத்தில் ஒரு டெக்னீஷியன் என்று சொல்லிக்கொள், எனக்கு வருத்தமில்லை. வருத்தமில்லை என்று எழுதியது பொய். வருத்தமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், நீ படி.

அப்பா